வகுப்பறையில் பன் சுடும்போது எது எங்கே தவறுகிறது

ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளோடு பன் சுட்டு அறிவியல் நடத்தும் ஆசிரியர்களுக்காக இதை எழுதுகிறேன். ஏற்கெனவே ஒருமுறை சுட்டுப் பார்த்து, மாவு பொங்காமலோ அடி கருகியோ நொந்துபோனவர்களுக்கு இன்னும் பொருந்தும். உங்களுக்கு நேர்ந்தது எது என்று கீழே தேடி, அங்கிருந்தே தொடங்கலாம்.

நான் வைத்துப் பேசும் அளவு இது: மைதா 500 கிராம், தண்ணீர் 300 மில்லி, இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 5 கிராம், உப்பு 9 கிராம், சர்க்கரை 20 கிராம், எண்ணெய் 25 மில்லி. இதில் 50 கிராமுக்குச் சற்று மேல் எடையுள்ள 16 பன் வரும். நான்கு பேர் கொண்ட குழுவுக்கு இதில் கால் பங்கு கொடுத்தால் ஆளுக்கு ஒரு பன். முதல் பீரியடில் பிசைந்து வைத்தால், சமவெளி ஊர்களில் ஒரு மணி நேரத்தில் மாவு இரண்டு மடங்காகிவிடும். உருட்டி வைத்து இன்னும் அரை மணி நேரம், சுடுவதற்கு 20 அல்லது 25 நிமிடம். மதியச் சாப்பாட்டுக்குள் முடிந்துவிடும். கோதுமை ஒத்துக்கொள்ளாத பிள்ளை யாரும் இருக்கிறார்களா என்று முந்தைய நாளே பெற்றோரிடம் கேட்டுவிடுங்கள். பச்சை மாவை யாரும் வாயில் வைக்கக் கூடாது. அடுப்பருகே பெரியவர்கள் மட்டும்.

ஒன்றை மட்டும் முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன். எது கெட்டுப்போனாலும் தூக்கிப் போடாதீர்கள். குழுவின் பேரை ஒட்டி, குறுக்கே வெட்டி, மேசைமேல் வையுங்கள். நீங்கள் காரணம் சொல்வதற்கு முன் பிள்ளைகள் இரண்டு ஊகமாவது சொல்லட்டும். கீழே வரும் சோதனைகள் எல்லாம் அந்த ஊகங்களைச் சரிபார்க்கத்தான்.

மாவு பொங்கவே இல்லை

ஒரு மணி நேரம் கழித்தும் மாவு வைத்தது வைத்தபடியே இருந்தால், ஈஸ்ட் செத்திருக்கலாம், குளிரில் மந்தமாக இருக்கலாம், இல்லை உப்போ சர்க்கரையோ மிஞ்சியிருக்கலாம். எது என்று பத்து நிமிடத்தில் கண்டுபிடிக்க முடியும். அதே பாக்கெட்டிலிருந்து ஒரு தேக்கரண்டி ஈஸ்டையும் ஒரு தேக்கரண்டி சர்க்கரையையும் அரை டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் கலக்கி வையுங்கள். நுரை திரண்டு எழும்பினால் ஈஸ்ட் உயிரோடு இருக்கிறது. தண்ணீர் கலங்கலாக மட்டும் நின்றால் பாக்கெட்டே போய்விட்டது. பிரித்த பாக்கெட்டை ஆய்வக அலமாரியில் போட்டுவிட்டு அடுத்த வருடம் எடுத்தால் இப்படித்தான் ஆகும். காற்றுப் புகாத டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள்.

பாக்கெட் நன்றாக இருக்கிறது, மாவில் மட்டும் பொங்கவில்லை என்றால் தண்ணீரின் சூட்டைச் சந்தேகப்படுங்கள். எனக்கு முதல் வருடம் நேர்ந்தது இதுதான். ஃபிளாஸ்க்கில் கொதிநீர் கொண்டுபோய், அதே அளவு குழாய்த் தண்ணீரைக் கலந்து, வெதுவெதுப்பாகத்தான் இருக்கும் என்று நம்பி அதில் ஈஸ்டைக் கரைத்தேன். எட்டுக் குழுவின் மாவும் அசையாமல் கிடந்தது. பிள்ளைகளின் முகத்தைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. அன்று மாலை கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் விளங்கியது. 100 டிகிரித் தண்ணீரும் 30 டிகிரித் தண்ணீரும் சம அளவில் சேர்ந்தால் 65 டிகிரி. ஃபிளாஸ்க்கில் கொஞ்சம் ஆறியிருந்தாலும் 60 டிகிரியை ஒட்டித்தான் இருந்திருக்கும். ஈஸ்ட் 55 முதல் 60 டிகிரிக்குள் செத்துவிடும். நமக்கு வேண்டியது 38 டிகிரி. அதற்குக் கொதிநீர் ஒரு பங்கு என்றால் குழாய்த் தண்ணீர் ஏறக்குறைய எட்டுப் பங்கு வேண்டும். இப்போதெல்லாம் அடுப்புப் பற்றவைக்கும் முன் இந்தக் கணக்கைப் பிள்ளைகளையே போடச் சொல்கிறேன். வெப்பக் கணக்கை இவ்வளவு ஆவலாக அவர்கள் வேறு எப்போதும் போட்டதில்லை. சித்திரை மாதமாக இருந்தால் குழாய்த் தண்ணீரே போதும், சூடே பண்ண வேண்டாம்.

சூட்டைப் பார்க்க ஆய்வகத் தெர்மாமீட்டர் எடுங்கள். காய்ச்சல் பார்க்கும் பாதரசத் தெர்மாமீட்டர் 42 டிகிரி வரைக்கும்தான். அதை வெந்நீரில் விட்டால் உடைந்துபோகும்.

இந்த இடத்தில் அவசரப்படாமல் ஒரு பீரியடே செலவழிக்கலாம். நான்கு டம்ளர். நான்கிலும் ஒரே அளவு ஈஸ்ட், சர்க்கரை, தண்ணீர். முதல் டம்ளரில் ஐஸ் தண்ணீர், இரண்டாவதில் 38 டிகிரி, மூன்றாவதில் 70 டிகிரி, நான்காவதில் 38 டிகிரித் தண்ணீரோடு மூன்று தேக்கரண்டி உப்பு. இருபது நிமிடத்தில் இரண்டாவது மட்டும் நுரைத்து நிற்கும். பெரும்பாலான வகுப்புகள் இதோடு நிறுத்திவிடுகின்றன. நிறுத்தாதீர்கள். ஐஸ் தண்ணீர் டம்ளரை வெதுவெதுப்பான தண்ணீர் உள்ள பாத்திரத்துக்குள் வையுங்கள். 70 டிகிரி டம்ளரையும் 38க்கு ஆறவிட்டு அதன் பக்கத்திலேயே வையுங்கள். கொஞ்ச நேரத்தில் குளிர்ந்தது நுரைக்கும், சுட்டது நுரைக்காது. தூங்குவதற்கும் சாவதற்கும் உள்ள வித்தியாசத்தைப் பிள்ளைகள் கண்ணால் பார்க்கும் இடம் இது.

உப்பு டம்ளருக்கு விளக்கம் அவர்கள் வீட்டிலேயே இருக்கிறது. ஊறுகாய்க்கு நறுக்கிய மாங்காயில் உப்புப் போட்டு வைத்தால் மறுநாள் தண்ணீர் விட்டு, துண்டுகள் சுருங்கிக் கிடக்கும் இல்லையா? ஈஸ்ட் செல்லிலிருந்தும் அப்படித்தான் தண்ணீர் வெளியேறுகிறது. பாடப்புத்தகத்தில் சவ்வூடு பரவல் என்று வருவது இதுதான். சர்க்கரை அளவு மிஞ்சினாலும் இதே கதை. மாவில் உப்பு மிஞ்சிப்போகக் காரணம் பெரும்பாலும் தேக்கரண்டிக்குப் பதிலாக மேசைக்கரண்டியை எடுத்துவிடுவது.

மாவைக் காப்பாற்ற வழி இருக்கிறது. குளிர்தான் காரணம் என்றால் பாத்திரத்தை வெயில் படும் ஜன்னலோரம் மூடி வைத்து இன்னும் ஒரு மணி நேரம் கொடுங்கள். டிசம்பரில் ஊட்டியிலோ கொடைக்கானலிலோ இரண்டு மணி நேரத்துக்கு மேல்கூட ஆகும். ஈஸ்ட் செத்திருந்தால் புது ஈஸ்டைக் கொஞ்சம் வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து அதே மாவில் ஊற்றி மறுபடி பிசையுங்கள்.

பொங்கி வந்தது, திரும்பி வருவதற்குள் அமுங்கிவிட்டது

இடையில் பிரேயர், பரிசோதகர் வருகை என்று ஏதாவது வந்து, மாவைக் கவனிக்க முடியாமல் போகும் நாட்களில் இது நடக்கும். மேலே தோல் சுருங்கி, நடுவில் குழி விழுந்து, கிட்டே போனால் கள் வாசம் அடிக்கும். வாயு கூடிக்கொண்டே போக, அதைப் பிடித்து வைத்திருந்த புரத வலை தாங்காமல் கிழிந்துவிட்டது. மாவைக் குத்தி அமுக்கி, மறுபடி உருட்டி, இந்த முறை அரை மணி நேரத்துக்குள் சுட்டுவிடுங்கள். கொஞ்சம் புளிப்பாக இருக்கும், சாப்பிடலாம். அடுத்த முறை நேரம் நிச்சயமில்லை என்று தெரிந்தால் ஈஸ்டைப் பாதியாகக் குறையுங்கள்.

மாவு சரியான பதத்தில் இருக்கிறதா என்று விரலால் தெரிந்துகொள்ளலாம். லேசாக அழுத்தினால் குழி மெதுவாக, பாதி மட்டும் நிமிர வேண்டும். சட்டென்று நிமிர்ந்தால் இன்னும் நேரம் வேண்டும். குழி அப்படியே நின்றால் தாண்டிவிட்டது.

ஒவ்வொரு குழுவும் எலுமிச்சை அளவு மாவை நேரான கண்ணாடி டம்ளரில் போட்டு, வெளியே ரப்பர் பேண்டால் மட்டம் குறித்து, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஸ்கேல் வைத்து அளக்கட்டும். முதலில் மெதுவாக ஏறி, பின் வேகமெடுத்து, தட்டையாகி, கடைசியில் இறங்கும் ஒரு கோடு வரைபடத்தாளில் வரும். பொங்கி அமுங்கிய மாவு கிடைத்த வகுப்புக்குத்தான் அந்தக் கடைசி இறக்கமும் கிடைக்கும்.

மாவு கையெல்லாம் ஒட்டுகிறது

பிள்ளைகள் உடனே இன்னும் மைதா போடுவார்கள். அங்கிருந்துதான் கல் மாதிரி பன் வருகிறது. மூடி வைத்துவிட்டு 20 நிமிடம் கையை எடுக்கச் சொல்லுங்கள். மைதாவின் புரதம் தண்ணீரை உறிஞ்ச நேரம் வேண்டும். திரும்பி வந்து தொட்டால் ஒட்டல் பாதியாகக் குறைந்திருக்கும். அதன் பிறகும் ஒட்டினால் கையில் எண்ணெய் தடவிக்கொண்டு பிசையலாம்.

ஒரு குழுவுக்குத் தளர்ந்தும் இன்னொரு குழுவுக்கு இறுகியும் வந்தால் அளவுதான் காரணம். கப்பில் அமுக்கி நிரப்பிய மைதாவும் தூவி நிரப்பிய மைதாவும் ஒரே எடை இருக்காது. இரண்டையும் தராசில் வைத்துக் காட்டுங்கள். அன்றோடு கப்பை விட்டுவிட்டுக் கிராமுக்கு மாறிவிடுவார்கள். ஆட்டா மாவில் செய்பவர்கள் 500 கிராமுக்கு 350 மில்லி அல்லது இன்னும் கொஞ்சம் ஊற்ற வேண்டியிருக்கும், தவிடு தண்ணீரை இழுக்கும்.

அந்தப் புரத வலையைக் கையில் எடுத்தே காட்டலாம். மைதாவும் தண்ணீரும் மட்டும் சேர்த்து உருட்டிய உருண்டையை அரை மணி நேரம் தண்ணீரில் ஊறவிட்டு, கிண்ணத்துத் தண்ணீருக்குள்ளேயே பிசைந்து அலசச் சொல்லுங்கள். தண்ணீர் பால் மாதிரி ஆகும். அதில் ஒரு சொட்டு அயோடின் விட்டால் கருநீலம், ஸ்டார்ச். நாலைந்து தண்ணீர் மாற்றியபின் கையில் ரப்பர் மாதிரி ஒன்று மிஞ்சும். அதுதான் குளூட்டன். இத்தாலியின் பொலோனியாவில் பெக்காரி என்பவர் இப்படி மாவை அலசிப் பிரித்துப் பார்த்ததை 1745இல் வெளியிட்டார். பெரிய கருவி எதுவும் அவரிடம் இல்லை, தண்ணீரும் மாவும்தான். அரிசி மாவிலும் இதையே செய்யச் சொல்லுங்கள். கையில் ஒன்றும் மிஞ்சாது. அரிசியில் ஏன் பன் சுடுவதில்லை என்ற கேள்வி அங்கேயே வந்துவிடும்.

பன் கல் மாதிரி இருக்கிறது

குறுக்கே வெட்டிப் பாருங்கள். சீராக, நெருக்கமாக, கண்ணறையே இல்லாமல் இருந்தால் மைதா கூடிவிட்டது அல்லது பிசைந்தது போதவில்லை. அடியில் அடர்ந்து மேலே மட்டும் ஒன்றிரண்டு பெரிய பொந்து இருந்தால் பொங்குவதற்குள் சுட்டுவிட்டீர்கள். பிசைந்தது போதுமா என்று முன்கூட்டியே பார்க்க, சின்ன உருண்டையை விரல்களுக்கு இடையில் மெல்ல விரித்து வெளிச்சத்தில் பிடியுங்கள். கிழியாமல் மெல்லிய திரையாக விரிந்தால் போதும். கையால் பத்து நிமிடமாவது பிசைய வேண்டும். நான்கு பேரும் மாற்றி மாற்றிப் பிசையட்டும்.

அடி கருகிவிட்டது, மேலே வெள்ளையாகவே இருக்கிறது

மின்சார அவன் இருந்தால் 200 டிகிரியில் 15 முதல் 18 நிமிடம், இந்தச் சிக்கலே வராது. நம் பள்ளிகளில் பலவற்றில் அவன் இருக்காது. கனமான பழைய பாத்திரத்தில் அலசிக் காயவைத்த ஆற்று மணலை ஓரங்குலம் பரப்பி, மேலே ஸ்டாண்டு வைத்து, மூடி, பத்து நிமிடம் காயவிட்டு, அப்புறம் பன் தட்டை உள்ளே வைப்பதுதான் வழி. குக்கரில் செய்தால் வெயிட்டையும் ரப்பரையும் கட்டாயம் கழற்றிவிட வேண்டும். நான்ஸ்டிக் பாத்திரம் வேண்டாம்.

இதில் சூடு கீழிருந்துதான் ஏறுகிறது. தட்டு ஸ்டாண்டைத் தாண்டி மணலைத் தொட்டால் வெப்பக் கடத்தலால் அடி உடனே கருகும். தட்டுக்கு அடியில் இன்னொரு தட்டு வையுங்கள், தீயை மிதமாக்குங்கள். மேற்புறம் சிவக்க இரண்டு வழி உண்டு. கடைசி ஐந்து நிமிடம் பன்னைத் திருப்பிப் போடலாம். இல்லாவிட்டால் நன்றாகக் காய்ந்த இரும்புத் தோசைக்கல்லை மூடியாகக் கவிழ்க்கலாம், இதைப் பெரியவர்தான் செய்ய வேண்டும். சுடுமுன் மேலே பால் தடவினால் நிறம் இன்னும் நன்றாகப் பிடிக்கும்.

ஏன் சிவக்கிறது என்பதற்கு நம் அடுக்களையை விட நல்ல ஆய்வகம் இல்லை. ஒரே மாவு. ஆவியில் வெந்தால் இட்லி, கல்லில் வெந்தால் தோசை. இட்லி எவ்வளவு நேரம் வெந்தாலும் சிவப்பதில்லை, தோசை இரண்டு நிமிடத்தில் சிவக்கிறது. காரணம் என்ன என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். ஆவி 100 டிகிரியைத் தாண்டாது என்பதை யாராவது ஒரு பிள்ளை பிடித்துவிடும். புரதத்தின் அமினோ அமிலங்களும் சர்க்கரையும் சேர்ந்து பழுப்பாகி மணம் தருவது ஏறக்குறைய 140 டிகிரிக்கு மேல்தான் வேகமெடுக்கும். 1912இல் இதை விவரித்த பிரெஞ்சு வேதியியலாளர் மயார் பேரால் மயார் வினை என்கிறோம். பன்னின் உள்ளே ஈரம் இருக்கும்வரை 100 டிகிரியைத் தாண்டாது. அதனால்தான் உள்ளே இட்லி மாதிரி வெள்ளை, வெளியே தோசை மாதிரி சிவப்பு.

உள்ளே களி மாதிரி இருக்கிறது

பெரும்பாலும் பொறுமைதான் குறைவு. அடுப்பிலிருந்து எடுத்த பன்னுக்குள் ஆவி நிறைய இருக்கிறது, ஸ்டார்ச் இன்னும் கெட்டிப்படவில்லை. சூட்டோடு வெட்டினால் கத்தியில் ஈஷிக்கொள்ளும். 20 நிமிடம் ஆறவிட்டும் அப்படியே இருந்தால் வேகவில்லை, திரும்ப உள்ளே வையுங்கள். உணவுத் தெர்மாமீட்டர் இருந்தால் நடுவில் 93 டிகிரிக்கு மேல் காட்ட வேண்டும்.

ஆறும் நேரத்தில் எடை போடச் சொல்லுங்கள். சுடுமுன் 54 கிராம் இருந்த உருண்டை இப்போது ஐந்தாறு கிராம் குறைந்திருக்கும். அந்த எடை எங்கே போனது என்ற கேள்விக்கு விடை பாத்திர மூடியின் உட்புறத்தில் சொட்டிக்கொண்டிருக்கும்.

சுண்ணாம்பு நீர் பால் மாதிரி ஆகவில்லை

பாட்டிலில் ஈஸ்ட், சர்க்கரை, வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி, வாயில் மாட்டிய குழாயைச் சுண்ணாம்பு நீரில் விடுகிறோம். வருவது கார்பன் டை ஆக்சைடு என்றால் தெளிந்த நீர் வெண்மையாக வேண்டும். ஆகாவிட்டால் முதலில் குழாய் மூட்டில் கசிவு இருக்கிறதா என்று சோப்பு நீர் தடவிப் பாருங்கள். அடுத்து, சுண்ணாம்பு நீர் பழசா? திறந்து வைத்தால் காற்றில் உள்ள கார்பன் டை ஆக்சைடே அதைத் தீர்த்துவிடும். வெற்றிலைச் சுண்ணாம்பைத் தண்ணீரில் கலக்கி, இரவு முழுக்கத் தெளியவிட்டு, மேல்நீரை மட்டும் இறுத்து மூடி வைத்தால் போதும். கண்ணில் தெறிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெண்மையாகிவிட்டு மறுபடி தெளிந்துவிட்டதா? அது தவறு இல்லை. வாயு மிகும்போது கால்சியம் கார்பனேட் கரையக்கூடிய பைகார்பனேட்டாக மாறுகிறது. பலூன் மாட்டுகிறவர்கள் முதலில் ஒருமுறை ஊதித் தளர்த்திக்கொள்ளுங்கள், புதுப் பலூன் விறைப்பாக இருக்கும். பாட்டிலை மூடி போட்டு மட்டும் மூடவே கூடாது, வெடிக்கும்.

பன் அருமையாக வந்தது, பாடம் வரவில்லை

எனக்கு மிகவும் கவலை தருவது இதுதான். எல்லாரும் சாப்பிட்டு மகிழ்ந்த மறுநாள் கேட்டால், "ஈஸ்ட் போட்டா உப்பும் மிஸ்" என்று மட்டும் வரும். இட்லி மாவு ஏன் பொங்குகிறது என்றால் அதற்கும் ஈஸ்ட்தான் என்பார்கள். பொங்கிய மாவு எடை கூடிவிட்டது என்று பாதி வகுப்பு எழுதும்.

எடை விஷயத்தைத் தராசு தீர்க்கும். பொங்குமுன்னும் பின்னும் அதே பாத்திரத்தோடு வையுங்கள். கூடவே கூடாது, கொஞ்சம் குறையலாம். ஆனால் வைப்பதற்கு முன் ஒவ்வொருவரும் கூடுமா குறையுமா என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். எழுதாதவர்களுக்கு முடிவு வெறும் செய்தி. எழுதியவர்கள் தராசையே குனிந்து பார்ப்பார்கள்.

இட்லி மாவில் பெரும்பங்கு வேலை லாக்டிக் அமில பாக்டீரியாக்களுடையது. இதைத் தனியாகச் சொல்லிவிடுங்கள். அதோடு, ஒரு குழு சோடா மாவு சேர்த்துவிட்டால் எது பொங்க வைத்தது என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரு நாளில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். வெந்நீரின் சூடு என்றால் சூடு மட்டும்.

"சுடும்போது ஈஸ்ட் செத்துடுமே, அப்ப பன்னுல பொணமா இருக்கா மிஸ்?" என்று ஒரு பையன் கேட்டான். ஆமாம் என்றுதான் சொன்னேன். சாராயம் இருக்கிறதா என்றும் கேட்பார்கள். இருந்தது, சுடும்போது பெரும்பகுதி ஆவியாகிவிட்டது என்று நேராகச் சொல்லுங்கள். நொதித்தலுக்கு உயிர் தேவையா என்பதே பெரிய சண்டையாக இருந்தது. உயிருள்ள செல்தான் செய்கிறது என்றார் பாஸ்டர். 1897இல் எடுவர்ட் பூக்னர் ஈஸ்டை மணலோடு அரைத்துப் பிழிந்து, செல்லே இல்லாத அந்தச் சாறும் சர்க்கரையை நொதிக்க வைப்பதைக் காட்டினார். நொதிகள்தான் வேலை செய்கின்றன என்று தெரிந்தது, 1907இல் அவருக்கு வேதியியல் நோபல் கிடைத்தது. எழுபது டிகிரி டம்ளரைப் பார்த்த பிள்ளைகளிடம் இதைச் சொன்னால், "அப்ப சூடுல நொதியும் கெட்டுப்போச்சா?" என்று கேள்வி வரும். அந்தக் கேள்வி வந்துவிட்டால் பாடமும் வந்துவிட்டது என்று எடுத்துக்கொள்கிறேன்.

மறுநாள் பன் விறைத்துவிட்டது

காய்ந்துவிட்டது என்பார்கள். கவரில் இறுக்கி வைத்ததும் விறைத்திருக்கும், எடை அப்படியே இருக்கும். ஸ்டார்ச் மறுபடி அடுக்கடுக்காகச் சேர்ந்து இறுகுவதுதான் காரணம், அது ஃபிரிட்ஜின் குளிரில் இன்னும் வேகமாக நடக்கும். ஒன்றை வெளியிலும் ஒன்றை ஃபிரிட்ஜிலும் வைத்து அமுக்கிப் பாருங்கள். தோசைக்கல்லில் சூடுபண்ணினால் திரும்ப மெத்தென்று ஆகும், கொஞ்ச நேரத்துக்கு.

மிச்சமிருப்பதில் பூஞ்சை வளர்வதைப் பார்க்க விரும்பினால் மூன்று துண்டு எடுங்கள்: ஈரமாக்கியது, அப்படியே விட்டது, நன்றாக வாட்டியது. தனித்தனி ஜிப் கவரில் போட்டு, டேப் ஒட்டி, தேதி எழுதி வையுங்கள். பூஞ்சை வந்தபின் கவரைத் திறக்கவே கூடாது. வெளியிலிருந்தே வரைந்துகொண்டு, பத்தாம் நாள் கவரோடு குப்பையில் போட்டுவிடுங்கள்.